பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய குதிரை

சவாரி பழக வந்த கண்ணாடிக் கடைக்காரர் வேலிப் புதருக்குள் தலைகீழாக இறங்கியபோது, குதிரையேற்றப் பள்ளி மாஸ்டர் முதலில் பார்த்தது அவரை அல்ல; சமையலறை ஜன்னலை.

ஜன்னலில் மனைவி இல்லை. மாஸ்டருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதியைத் தேடிக்கொண்டு புதரை நோக்கி ஓடினார்.

"அடி பட்டுச்சா சார்?"

"அடி கிடக்கட்டும். என் கண்ணாடி எங்க?"

"கண்ணுலதான் சார் இருக்கு."

"அப்புறம் ஏன் எல்லாம் பச்சையாத் தெரியுது?"

"இன்னும் புதருக்குள்ளதான் இருக்கீங்க சார்."

கையைப் பிடித்து வெளியே இழுத்து, சட்டையில் ஒட்டியிருந்த இலை தழைகளைத் தட்டிவிட்டார். மணல் மைதானத்தின் நடுவே பழுப்புக் குதிரை நின்றுகொண்டிருந்தது. இந்த ஆளை யார் அங்கே போட்டது என்று கேட்பதுபோல் இருவரையும் பார்த்தது.

"இடது பக்கம் திருப்பினேன் மாஸ்டர், அவ்வளவுதான். கடிவாள வாரை லேசாத் தொட்டேன். வாயைப் பிளந்துச்சு, தலையை ஒரு உதறு உதறுச்சு, நான் புதர்ல இருக்கேன்."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்."

"விழுந்தது நான். நான் எதுக்கு மெதுவாப் பேசணும்?"

"வீட்டுல கேட்டுடும்."

கண்ணாடிக் கடைக்காரருக்கு உடனே புரிந்தது. அவரும் கல்யாணம் ஆனவர்தான்.

விஷயம் இதுதான். அந்தக் குதிரை மாஸ்டரின் மச்சான் கொடுத்தது. மனைவியின் ஒரே அண்ணன். நிறைய லாரிகளுக்கு முதலாளி. எதையும் தானே பார்த்து, தானே பேரம் பேசி வாங்கியதாகச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு தனி ருசி. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவருடைய லாரி ஒன்றில் குதிரை வந்து இறங்கியது. அது வந்து சேர்வதற்குள் போன் வந்துவிட்டது.

"மாப்ளே, பல்லைப் பிடிச்சுப் பாத்து வாங்கின குதிரை. பல்லைப் பாத்தாப் போதும், குதிரையோட வண்டவாளம் மொத்தமும் தெரிஞ்சிடும். ரொம்ப சமர்த்து. குழந்தை மாதிரி."

அன்றே மனைவி அதற்குச் 'சமர்த்து' என்று பெயர் வைத்துவிட்டாள்.

மச்சான் சும்மா கொடுக்கவில்லை. மாஸ்டரின் மனைவி ஒரு காலத்தில் மாஸ்டரைவிட நன்றாகக் குதிரை ஏறுவாள். ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பில் அடிபட்டுப் படுத்தவள், எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் சேணத்தின் பக்கம் போகவில்லை. பள்ளிக் கணக்கு, மாணவர் சேர்க்கை, சமையல் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். கேட்டால், "ஏறலாம், ஏறலாம்" என்பாள். ஏறமாட்டாள். இப்போது அண்ணன் குதிரை வாங்கிக் கொடுத்ததும் தானாகவே சொன்னாள்:

"அண்ணன் இங்க வர்ற ஞாயித்துக்கிழமை அவர் கையால பிடிச்சு ஏத்திவிட்டா ஏறுவேன். அதுவரைக்கும் நான் அது பக்கமே வரமாட்டேன். நீங்க நல்லாப் பழக்கி வைங்க."

இத்தனை வருஷம் கழித்து அவள் முகத்தில் வந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு, 'உன் அண்ணன் கொடுத்த குதிரை ஆளைத் தூக்கி எறிகிறது' என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவள் இனி எந்தக் குதிரையிலும் ஏறமாட்டாள். சொல்லாவிட்டால் இந்தக் குதிரையில் ஏறிவிடுவாள்.

போதாக்குறைக்கு, மச்சான் கொடுத்த பொருளைக் குறை சொன்ன அனுபவமும் மாஸ்டருக்கு உண்டு. முன்பு ஒரு துணி துவைக்கும் மிஷின் கொடுத்தார். துவைக்கும்போது அது குளியலறையிலிருந்து கூடம்வரை நடந்து வரும். "இது என்ன, நடக்குதே?" என்று மாஸ்டர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"உங்க வீட்டு ஆளுங்க யாரும் இருந்த இடத்தை விட்டு அசைஞ்சு நீங்க பாத்ததில்ல. அதான் ஆச்சரியமா இருக்கு" என்றாள் மனைவி. அந்தக் கோடை முழுவதும் வீட்டில் பேச்சுவார்த்தை 'தட்டு வச்சாச்சு', 'தட்டு எடுத்தாச்சு' என்ற அளவில் நின்றுவிட்டது.

எனவே மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, குதிரையைத் தானே சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

முதலில் அவர் கண்ணில் பட்டது குதிரையின் வாய். வாயைப் பிளந்த பிறகுதான் தலையை உதறுகிறது. அப்படியென்றால் வாயைப் பிளக்க விடாமல் செய்துவிட்டால்? மூக்கைச் சுற்றிப் போகும் தோல்பட்டையை இரண்டு துளை இறுக்கிக் கட்டினார். மறுநாள் காலை தானே ஏறினார்.

சமர்த்து வாயைப் பிளக்கவில்லை. தலையையும் உதறவில்லை. லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோல் பின்பக்கமாகப் போகத் தொடங்கியது. மாஸ்டர் என்ன சொல்லியும் கேட்காமல் மைதானத்தைக் கடந்து, தண்ணீர்த் தொட்டியை அடைந்து, அங்கே சட்டென்று ஒதுங்கி நின்றது. மாஸ்டருக்கு ஒதுங்கத் தெரியவில்லை.

"என்னங்க, இப்படி நனைஞ்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"வேர்வை."

"இடுப்புக்குக் கீழ மட்டுமா?"

"இன்னிக்கு வெயில் கீழ்ப்பக்கமா அடிச்சுது" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வேறு கால்சட்டை தேடப் போனார்.

அடுத்தது, கடிவாளத்தில் இருந்த மெல்லிய இரும்பைக் கழற்றிவிட்டு, முரட்டுக் குதிரைகளுக்கென்று வைத்திருந்த கனமான இரும்பை மாட்டினார். பேச்சைக் கேட்காத குதிரைக்கு அதிகாரத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. வாரை இடது கையால் இழுத்தார். சமர்த்து பின்னங்கால்களில் எழுந்து நின்றது. தன் வீட்டுக் கூரையில் இரண்டு ஓடு உடைந்திருப்பதை மாஸ்டர் அன்றுதான் பார்த்தார்.

இறங்கி வந்து குதிரையைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் உதட்டோரம் நுரை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த இடத்தில் இருக்கப்போவது தானல்ல, மனைவி என்ற நினைப்பு வந்ததும் கனமான இரும்பைக் கழற்றி மூலையில் வீசினார். அன்றிரவு தூக்கத்திலும் பல்லை நறநறவென்று கடித்தார்.

காலையில் ஒரு யோசனை உதித்தது. குதிரைக்கு இடது பக்கம்தானே ஆகவில்லை? வலது பக்கம் அது தேன். அப்படியென்றால் இடது பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் செய்துவிட்டால் என்ன?

சமர்த்து மட்டும் வலது பக்கமே சுற்றினால் மனைவி கவனித்துவிடுவாள். ஆகவே பள்ளி முழுவதும் வலது பக்கம் சுற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். எல்லாக் குதிரைகளும், எல்லா மாணவர்களும், காலையும் மாலையும். மூன்றாம் நாள் மாணவர்கள் இறங்கியதும் ஒரு பக்கமாகவே நடந்து போய்ச் சுவரில் மோதினார்கள். பள்ளியிலேயே மூத்த வெள்ளைக் குதிரை, லாயத்துக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், வலது பக்கமாக முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து லாயத்தில் நுழைந்தது.

"ஏங்க, எல்லாரும் ஏன் செக்குமாடு மாதிரி ஒரே பக்கமாச் சுத்தறாங்க?" மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"அது வந்து... புது முறை. வெளிநாட்டுல எல்லாம் இப்ப இப்படித்தான்."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பேசி முடித்து வந்தவள், "அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? வலது பக்கம் எந்தக் குதிரையும் போகுமாம். இடது பக்கம் எப்படித் திரும்புதுன்னு பாத்தாத்தான் தரம் தெரியுமாம். ஞாயித்துக்கிழமை என்னை இடது பக்கமாவே பத்துச் சுத்து சுத்திக் காட்டச் சொல்லியிருக்காரு" என்றாள்.

மாஸ்டர் சிரித்தார். அதைச் சிரிப்பு என்று மனைவி நம்பியது அவர் செய்த புண்ணியம்.

அன்று மாலை வேறு வழி தெரியாமல் ஒரு கேரட்டை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனார். மிரட்டிப் பார்த்தாயிற்று, இனிக் கெஞ்சிப் பார்ப்போம் என்று.

"சமர்த்து, உன் கால்ல வேணும்னாலும் விழறேன். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு நாள். எங்க வீட்டம்மா வருவா. அவளைக் கீழ போட்டுடாதே. அதுக்கப்புறம் என்னைத் தினமும் போட்டுக்கோ."

குதிரை கேரட்டை ஆவலாக வாங்கியது. ஒரு கடி கடித்தது. தலையைச் சாய்த்து, கடித்ததை அப்படியே கீழே நழுவவிட்டது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். தரையில் பாதி மென்ற புல், சுருட்டிய பஞ்சு உருண்டைகள்போல அங்கங்கே கிடந்தது. இத்தனை நாளும் இதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறார். குதிரை தின்று மிச்சம் வைத்தது என்று நினைத்திருக்கிறார்.

உதட்டோரத்தில் விரலை விட்டு, இடது கன்னத்தின் உட்புறம் தடவினார்.

"ஆ!"

விரலில் ரத்தம். குதிரை கடிக்கவில்லை. கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கத்தி மாதிரி இருந்தது.

விரலை வாயில் வைத்துக்கொண்டே, சேணம் மாட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குதிரை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். அவர் ஊர் ஊராகப் போய் லாயங்களில் வைத்தியம் பார்ப்பவர். பேச்சும் அவர் பல் ராவும் அரம் மாதிரிதான்.

"குதிரை புல்லைப் பக்கவாட்டுல அரைச்சு அரைச்சுத் திங்கும் மாஸ்டர். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால மேல் பல்லோட வெளி ஓரம் தேயாம கூரா நின்னுடும். கன்னத்தைக் கிழிக்கும். நீங்க வாரை இழுக்கறப்ப இரும்பு நகர்ந்து கன்னம் அந்தக் கூர்ல போய் அழுந்தும். வலிக்காம என்ன செய்யும்? எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் திரும்பாது. ஆமா, மூக்குப் பட்டையை இறுக்கினீங்களா?"

மாஸ்டர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"கனமான இரும்பு போட்டீங்களா?"

மாஸ்டர் போனைப் பழைய காதுக்கே திரும்பக் கொண்டுவந்தார்.

"உங்களைத் தள்ளிவிட்டதுல ஆச்சரியம் இல்ல. கடிக்காம விட்டுச்சே, நிஜமாவே சமர்த்துதான்."

வலிக்கிறது வலிக்கிறது என்று அது தனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் சொல்லியிருக்கிறது. அவரோ அதன் வாயை இறுக்கிக் கட்டியிருக்கிறார்.

ஆனால் வருத்தப்படக்கூட நேரம் இல்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய குதிரைக்குப் பல்லே சரியில்லை என்றால் மச்சான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? வைத்தியம் கமுக்கமாக நடந்தாக வேண்டும். மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். பதற்றத்தில் அவர் தாழ்த்திய குரல் பக்கத்து அறைவரை கேட்கும்.

"சரிங்க டாக்டர். மயக்க ஊசி போட்டுடுங்க. வாயைத் திறக்க இரும்புச் சட்டம் கொண்டு வந்துடுங்க. பல்லை ராவறப்ப சத்தம் வருமா? வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது. வியாழக்கிழமை பத்து மணி. சரி."

கதவைத் திறந்தார். வாசலில் மனைவி நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"அது வந்து..."

"பல் வலின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க. மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே திரியறீங்க. நான் பாவி, எங்க அண்ணன் குதிரை கொடுத்தது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு இத்தனை நாள் தப்பா நினைச்சுட்டேன்."

இப்படி ஒரு கதவு திறந்தால் யார்தான் நுழையமாட்டார்கள்? மாஸ்டர் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு எதுக்குக் கஷ்டம்னுதான்..."

"இரும்புச் சட்டம் வச்சு வாயைத் திறக்கிறவன்லாம் ஒரு டாக்டரா? கசாப்புக்காரன். அவன் வேண்டாம். கடைத்தெருவுல நல்ல பல் டாக்டர் இருக்காரு, நானே கூட்டிட்டுப் போறேன். வியாழக்கிழமை பத்து மணிக்குத்தானே? அதே நேரத்துக்குச் சொல்லிடறேன்."

அன்றிரவு எல்லாரும் சாப்பிடும் சாப்பாட்டை வாசம் மட்டும் பிடித்துவிட்டு, பாலில் ஊறிய ரொட்டியைத் தின்றார் மாஸ்டர். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். இவ்வளவு அன்பு இந்த வீட்டில் எங்கே ஒளிந்திருந்தது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த அன்பை ஏமாற்றி வாங்குகிறோமே என்ற உறுத்தல் ஒத்தடத்தைவிட அதிகமாகச் சுட்டது.

டாக்டரம்மாவுக்கு வேறு நாளில் வர முடியாது. லாயத்தில் குதிரையின் தலையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ரகசியம் தெரிந்த ஒரே ஆள் கண்ணாடிக் கடைக்காரர்தான்.

"நானா? அது தலையா? ஒரு தடவை அது உதறினதுல நான் புதர்ல போய் விழுந்தேன்!"

"மயக்கத்துல இருக்கும் சார். வாழ்நாள் முழுக்க உங்களுக்கு இலவசமாச் சொல்லித் தர்றேன்."

"அதுக்குப் பதிலா, இனிமே வரவே வேண்டாம்னு சொல்லிடுங்களேன்" என்று முணுமுணுத்தாலும், மனிதர் சொன்னபடி வந்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மாஸ்டர் பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தார். மனைவி அவர் போனையும் பையையும் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"எந்தப் பல் வலிக்குது?" என்றார் டாக்டர்.

வலிக்காத முப்பத்திரண்டு பல்லில் எதைக் காட்டுவது? ஞாபகத்தில் இருந்ததென்னவோ குதிரையின் இடது கடைவாய். மாஸ்டர் தன் இடது கடைவாயைக் காட்டினார்.

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். "அடேயப்பா" என்றார். "ஞானப்பல் கோணலா முளைச்சிருக்கு. இதை வச்சுக்கிட்டு எப்படி இத்தனை நாள் பொறுத்தீங்க? எடுத்துடணும்."

"இல்ல டாக்டர், இப்ப வலி தேவலை..."

"அதெல்லாம் கேக்காதீங்க டாக்டர். இவர் எதையும் வெளிய சொல்ல மாட்டாரு, மனசுக்குள்ளயே வச்சுப்பாரு. எடுத்துடுங்க" என்றாள் மனைவி.

ஊசி இறங்கியது. அந்த நேரம் பார்த்து அவள் மடியில் இருந்த போன் அடித்தது. மாஸ்டரின் கண்கள் பிதுங்கின. கையை நீட்டினார், டாக்டர் அந்தக் கையை அமுக்கி நாற்காலியோடு வைத்தார்.

"ஹலோ" என்றாள் மனைவி.

"வேலை முடிஞ்சுது மாஸ்டர்!" கண்ணாடிக் கடைக்காரரின் உற்சாகம் அறை முழுக்கக் கேட்டது. "இடது பக்கம் பூரா ரம்பமாம். அரத்தை வச்சு ராவோ ராவுன்னு ராவிட்டாங்க. நாக்கு முழ நீளத்துக்கு வெளிய தொங்குது. என் தோள்மேல தலையைச் சாய்ச்சுத் தூங்குது, எச்சில்ல சட்டையே போச்சு!"

"கண்ணாடிக் கடைக்காரரா பேசறது?" என்றாள் மனைவி. "யாருக்கு நாக்கு தொங்குது?"

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

"எங்க மாமியாருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் போனை வைத்தார்.

மனைவி திகைத்துப்போய்க் கணவனைப் பார்த்தாள். "பாவங்க அவர். மாமியாரைத் தோள்ல சாய்ச்சுத் தூங்க வைக்கறாராம். அந்தக் கசாப்புக்கார டாக்டர்கிட்டதான் மாட்டியிருப்பாங்க போல."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பல் 'நொறுக்' என்று வெளியே வந்தது.

கன்னத்துப் புண் ஆறும்வரை, சனிக்கிழமை முழுவதும் குதிரையின் வாயில் இரும்பு வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆகவே ஞாயிறு காலைவரை அதன்மேல் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. சரியாகிவிட்டதா இல்லையா? யாருக்குத் தெரியும்? மாஸ்டர் லாயத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். அவர் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பேசினால் பாதி எழுத்து வெளியே வரவில்லை.

மச்சான் வந்தார். குதிரைக்கென்று வைக்கோல் கட்டுகள் ஏற்றிய லாரியில், டிரைவர் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்து வந்து இறங்கினார்.

"என்ன மாப்ளே, வாய்ல எலுமிச்சம்பழமா? எங்க என் குதிரை?"

சமர்த்து சேணம் கட்டி நின்றது. மனைவி பழைய காலணிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் குதிரைமேல் கை வைக்கப் போய், பின்னுக்கு இழுத்துக்கொள்வதை மாஸ்டர் பார்த்தார். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. குறுக்கே போய் நின்றார்.

"ழான் முழல்ல ஏழிப் பாழ்க்கிழேன்" என்றார்.

"என்ன சொல்றாரு?" என்றார் மச்சான்.

"குழிழைக்குப் பழ்ழு..."

"பேசாதீங்க, தையல் பிரிஞ்சுடும்" என்று மனைவி அவர் வாயை மெதுவாகப் பொத்தினாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்த எல்லாரும் மூச்சைப் பிடித்து நிற்க, ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்தாள்.

குதிரை நடந்தது. வலது பக்கம் ஒரு சுற்று. பிறகு அவள் இடது வாரை விரலால் மட்டும் லேசாகத் தொட்டாள். மாஸ்டர் புதரைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் விழும் சத்தம் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தார். சமர்த்து இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. தலையைத் தாழ்த்தி, கழுத்தை வளைத்து, தண்ணீரில் படகு திரும்புவதுபோலத் திரும்பியது. மறுபடி இடது. இன்னும் ஒரு இடது. மெல்ல ஓடத் தொடங்கியது. மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை மாஸ்டர் கடைசியாகக் கேட்டது அவள் விழுவதற்கு முந்தைய நாள். அவருக்குக் கண்ணீர் வந்தது. தையல் போட்ட இடத்தில் வலியும் வந்தது. எது எதற்கு என்று பிரிக்க முடியவில்லை.

"ராவினது வீண் போகல மாஸ்டர்!" என்று வேலியோரம் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்த கண்ணாடிக் கடைக்காரர் துள்ளிக் குதித்தார்.

குதிரை நின்றது.

"ராவினாங்களா?" சேணத்தின்மேல் இருந்தபடியே மனைவி கேட்டாள். "உங்க மாமியாருக்குத்தானே ராவினாங்க?"

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. மாஸ்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னார். தொட்டி, கூரை, வலது சுற்று, கேரட், அரம். புரியாத இடங்களைக் கண்ணாடிக் கடைக்காரர் மொழிபெயர்த்தார்.

மச்சானின் மீசை துடித்தது.

"என் குதிரைக்குப் பல் சரியில்லையா? மாப்ளே, அது ஒவ்வொரு பல்லையும் பிடிச்சுப் பாத்து வாங்கினவன் நான்! ஒரு குறை கிடையாது. முத்து மாதிரி இருந்துச்சு. எந்த டாக்டர் பொய் சொன்னா? ஆயிரம் குதிரைக்கு நடுவுல நிறுத்துங்க, கண்ணைக் கட்டிக்கிட்டே இது என் குதிரைன்னு தடவிச் சொல்லுவேன்!" என்று சமர்த்தின் கழுத்தை ஓங்கித் தட்டினார்.

"அப்ப எங்க அண்ணன் பொய் சொல்றாருங்கறீங்களா?" மனைவியின் குரல், துணி துவைக்கும் மிஷின் காலத்துக் குரல்.

மாஸ்டர் பின்வாங்கவில்லை. "உங்க அண்ணன் சொன்னது நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. நீ மறுபடி விழுந்துடக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அது மட்டும்தான். அதுக்காக நல்ல பல்லு ஒண்ணு போனாலும் போகட்டும்னு அந்த நாற்காலியில உக்காந்தேன்."

இந்த முறை மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் குதிரையின் பிடரி மயிரைத் தடவியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து அவருடைய வீங்கிய கன்னத்தில் கையை வைத்தாள். ஆனால் மச்சான் விடுவதாக இல்லை.

"அதெல்லாம் சரி பாப்பா, என் பேச்சு என்ன ஆறது? ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு நான் பொய்யன், இல்ல இவரு பொய்யன். இப்பவே தெரிஞ்சாகணும்!"

வைக்கோல் கட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் அதை அப்படியே கீழே வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்து நின்றார்.

"சண்டை வேண்டாம் முதலாளி, ரெண்டு பேரும் சொல்றது நிஜம்தான். அன்னிக்கு லாரில ரெண்டு பழுப்புக் குதிரை வந்துச்சு. வேற ஒருத்தர் பல் வைத்தியத்துக்கு அனுப்பினதைத்தான் நான் அவசரத்துல இங்க இறக்கிட்டேன். நீங்க பல்லைப் பிடிச்சுப் பாத்து வாங்கினது மூணு வாரமா பக்கத்து ஊர் மிருக ஆஸ்பத்திரில வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது, எந்தப் பல்லுல கோளாறுன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க."